மேற்படி வருத்தம் இம்மாவட்டத்தில் இல்லை

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்த மனிதனை நம் அரசாங்கம் ஒருநாளும் கைவிட்டதில்லை. அவனுடைய கண்ணுக்கு ஒரு கிளினிக் உண்டு, காலுக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு ஒன்று, பல்லுக்கும் ஒன்று. விடியும் முன்னமே போய் நம்பர் எடுத்து, மத்தியானம் வரை பெஞ்சில் குந்தியிருந்தால், உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை இலவசமாகப் பார்த்து அனுப்புவார்கள். இடையில் ஒரேயொரு இடத்தை மட்டும் பார்ப்பதில்லை. அந்த இடம் பற்றிச் சுற்றுநிருபம் எதுவும் வராதபடியால், அந்த இடத்துக்கு வருத்தமும் வராது என்பதே பொதுவான நம்பிக்கையாக இருந்தது.

கட்டுகஸ்தோட்டைத் திருச்செல்வத்துக்கு வந்துவிட்டது. அதுதான் சிக்கல்.

திருச்செல்வம் கண்டி டவுனில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பிரதம எழுதுவினைஞர். எந்தக் கந்தோர் என்று கேட்காதீர்கள், பாவம், பிழைத்துப் போகட்டும். வந்த சனத்தையெல்லாம் "உரிய பத்திரங்களோட நாளைக்கு வாங்க" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பியே முப்பது வருஷம் நல்ல பேர் எடுத்தவர். வயது ஐம்பத்தாறு. சீனி வந்து பத்து வருஷம் தாண்டிவிட்டது. அந்த மற்ற விஷயம் ஆரம்பித்தது ரெண்டு வருஷத்துக்கு முன்னால், மகளைக் கெலிஓயாவில் கட்டிக் கொடுத்த கையோடு.

கல்யாண வீட்டுப் பந்தலைப் பிரித்த அன்றைக்கு அவர் மனைவி அனுஷியா, வெறிச்சோடிப்போன வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இனித்தான் நாம ரெண்டு பேரும் ஆற அமர இருக்கலாம், இல்லீங்க?" என்று சிரித்தாள். இருபத்தேழு வருஷம் கூட வாழ்ந்தவள். அவள் சிரித்தால் திருச்செல்வம் இன்னமும் கந்தோருக்கு நேரம் போனதை மறந்து நிற்பார். அவருக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். ஆனால் மனசுக்குப் பிடித்த விஷயத்தை உடம்புக்கு அறிவிக்கிற கம்பி எங்கேயோ அறுந்து கிடந்தது.

இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் கந்தோரில் கணக்கு ஓடிட் நடக்கிறது, களைப்பு என்றார். ஓடிட் முடிந்ததும் முதுகு நோவு என்றார். அனுஷியா சித்தாலேப தைலம் எடுத்து முதுகு முழுக்கத் தேய்த்துவிட்டாள். அந்தக் கை பட்டதும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "ரொம்ப நோகுதோ?" என்று அவள் கேட்க, "ஆமா" என்றார். பொய்யுமில்லை.

முதுகு நோவையும் எத்தனை நாளைக்குத்தான் வைத்திருப்பது? கார்த்திகை முதலாம் திகதி திருச்செல்வம் கோயிலுக்குப் போய் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு கறுப்பு வேட்டியோடு வீட்டுக்கு வந்தார். விரதம் என்றால் விரதம். தனிப் பாய், தனிப் போர்வை, பச்சைத் தண்ணீரில் குளியல். அனுஷியா "சாமி" என்று கூப்பிட ஆரம்பித்தாள். மகளின் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக மனுஷன் நிம்மதியாகத் தூங்கினார்.

தை மாதம் எல்லாரும் கடல் கடந்து சபரிமலைக்குப் புறப்பட்டபோது திருச்செல்வத்துக்குப் பாஸ்போர்ட் இல்லை. பழையது காலாவதி. புதியதற்குக் கொடுத்திருந்தார், ஆனால் நாட்டில் பாஸ்போர்ட் புத்தகத்துக்கே தட்டுப்பாடு என்றார்கள். மற்றவர்கள் போய் வந்து மாலையைக் கழற்றினார்கள். "மலைக்குப் போகாம நான் எப்படிக் கழட்டுறது?" என்று திருச்செல்வம் கேட்டார். நியாயமான கேள்வி. மாசி போனது, பங்குனி போனது, சித்திரை வருஷப் பிறப்பையும் கறுப்பு வேட்டியோடு கொண்டாடினார். கோயில் சபைக்காரர்கள் பொன்னாடை போர்த்தி, இப்படி ஒரு வைராக்கியத்தை இந்தத் தலைமுறையில் கண்டதில்லை என்றார்கள். நாடே பாஸ்போர்ட் சீக்கிரம் வரவேண்டுமென்று வரிசையில் நின்றபோது, அது வரவே கூடாது என்று நேர்த்தி வைத்த ஒரே மனிதர் அவர்தான்.

சும்மா இருந்தார் என்றும் சொல்ல முடியாது. சீனிக் கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லத்தான் ஒவ்வொரு தரமும் போனார். ஒரே மேசையில் ரெண்டு டொக்டர், ரெண்டு நோயாளி, சுற்றிவர மாணவர் கூட்டம், அடுத்த நம்பர்காரனின் மூச்சு இவருடைய பிடரியில். "வேற ஏதும் கஷ்டம் இருக்கா?" என்று கேட்பார்கள். திருச்செல்வம் பிடரிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார்.

"கால்... கால் லேசா எரியுது டொக்டர்."

காலைப் பார்த்தார்கள். அடுத்த தரம் கண்ணைச் சொன்னார், கண்ணைப் பார்த்தார்கள். அதற்கடுத்த தரம் மென்று முழுங்கி "சாமான் ஒண்ணு..." என்று தொடங்கி, "சாமான் ஒண்ணு தூக்கினா மூச்சு வாங்குது" என்று முடித்ததில் ஈ.சீ.ஜீ. எடுத்தார்கள். கண்டிப் பக்கம் இவ்வளவு நுணுக்கமாகப் பரிசோதிக்கப்பட்ட சீனிக்காரர் வேறு யாரும் இருக்கமாட்டார். எல்லா உறுப்பும் திருப்திகரம் என்று அவரிடம் எழுத்தில் இருந்தது.

இந்த நேரத்தில்தான் மகாவலி ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஓர் ஆஸ்பத்திரிக்கு - பெயர் வேண்டாம் - மேலிடத்திலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. "நீரிழிவு நோயுள்ள ஆண்களின் மேற்படி பிரச்சினைக்கு விசேட கிளினிக் ஆரம்பிக்கப்படல் வேண்டும்" என்று அதில் கண்டிருந்தது. மேற்படி என்றால் மேலே எங்காவது சொல்லியிருக்க வேண்டும். மேலே திகதியும் விலாசமும்தான் இருந்தன. இருந்தாலும் வாசித்த ஆண்கள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

அந்த ஆஸ்பத்திரியின் நிர்வாக உத்தியோகத்தர் அரூஸ், திருச்செல்வத்தோடு தினமும் ஒரே பஸ்ஸில் டவுனுக்குப் போகிறவர். அவர்தான் கிளினிக்குக்கான இரகசியப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். நெரிசல் பஸ்ஸில், பாலத்தடியில் வாகனமெல்லாம் நின்று இரைச்சல் அடங்கியிருந்த நேரம் பார்த்து அவர் விஷயத்தை விளக்கினார்.

"அண்ணே, இரகசியம் எண்டா அப்பிடியொரு இரகசியம். ஒரு காக்காக்கும் தெரிய வராது!"

முன் சீட்டில் இருந்த பொம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா சொல்லுங்க அரூஸ்."

"என்னத்துக்கு மெதுவா? போர்டுல வருத்தத்தின்ட பேரே இல்ல. மூணு மீட்டிங் போட்டு யோசிச்சு, 'ஏனைய விடயங்கள்' எண்டு மூணு பாஷைலயும் எழுதிட்டம். எடம் எங்க தெரியுமா? பிரேத அறைக்குப் போற பாதைல. அந்தப் பக்கம் போற ஆள்கிட்ட எங்க போறீங்க எண்டு ஆரும் கேப்பாங்களா?"

"கேக்கமாட்டாங்கதான்."

"முகம் தெரியப்படா எண்டு எல்லாருக்கும் மாஸ்க் குடுக்கிற. கத்தரிப்பூ கலர்."

"அந்தக் கலர்ல வேற ஆஸ்பத்திரி ஆளுங்க யாராவது போடுவாங்களா?"

"சே சே! இது எங்கட கிளினிக்குக்கு மட்டும் ஸ்பெஷலா தைச்ச. வேற ஆருக்கும் குடுக்கமாட்டம்," என்றார் அரூஸ் பெருமையாக. "மிச்சம் முக்கியமான விஷயம், பேர், வெலாசம், வயசு ஒண்டும் எழுதப்படா. ஒரு வரியும் பதியப்படா. பேப்பர் இருந்தாத்தானே வெளிய போகும்?"

கிளினிக் சுபநேரத்தில் திறக்கப்பட்டது. குத்துவிளக்கு ஏற்றி, பாற்சோறு வெட்டி, முதற் பயனாளிகளுக்கு மாஸ்க் வழங்கிப் படம் எடுத்தார்கள். பயனாளி என்று எவனும் வராதபடியால் ஆஸ்பத்திரி டிரைவர்மார் மூன்று பேரும் வாசல் காவல்காரரும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். படம் முடிந்து மாஸ்க்கைத் திருப்பிக் கேட்டபோது ரெண்டு பேர் கொடுக்கவில்லை என்று பேச்சு.

ஒரு வாரத்தில் கண்டி பஸ் நிலையத்தில் கடலை விற்கிறவனுக்குக்கூட கத்தரிப்பூ மாஸ்க் என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. திருச்செல்வம் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று முடிவெடுத்தார். அன்றைக்கு மாலை வீட்டுக்கு வந்தால், அனுஷியா வாசலில் நின்று சந்தோஷமாகக் கையை நீட்டினாள்.

"சாமி, பாஸ்போர்ட் வந்திருச்சு!"

எதற்கும் வருஷக்கணக்கில் இழுக்கிற அரசாங்கம், அந்த ஒரு விஷயத்தில் அவருக்குத் துரோகம் செய்துவிட்டது.

"ஆவணி மாசப் பூசைக்கே போயிட்டு வந்துருங்க. மாலையைக் கழட்டிட்டு மனுஷரா வீட்டுக்கு வாங்க," என்றாள் அனுஷியா. சொல்லும்போது திருச்செல்வம் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்துக்குச் சொல்ல அவரிடம் இன்னொரு பொய் மிச்சமில்லை.

மறுநாள் அவர் கிளினிக்குக்குப் போனார். வாசலில் கொடுத்த மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்து, கண் மட்டும் தெரிய மாட்டிக்கொண்டு, யாருக்கும் தன்னை அடையாளம் தெரியாது என்ற நிம்மதியோடு பெஞ்சில் உட்கார்ந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் மூன்று விரல் விபூதி. ஆடி மாசத்தில் கண்டி முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரே ஒருத்தர்தான்.

"சாமி சரணம்," என்றார் பக்கத்தில் இருந்த மாஸ்க்.

குரல் தெரிந்த குரல். அடுத்த வீட்டு அந்தோனிமுத்து. வாத்தியாராக இருந்து பென்ஷன் எடுத்தவர்.

"நீங்களுமா சேர்?"

"என்ன செய்ய? நான் தவக்காலத்துல ஆரம்பிச்சேன். ஈஸ்டருக்குப் பிறகும் தவம் இருக்கேன்னு வீட்டுக்காரி மதலேனாகிட்ட சொல்லிவச்சிருக்கேன். கிறிஸ்மஸ் வரைக்கும் இழுக்கலாம்னு பார்த்தா, அவ ஃபாதர்கிட்டயே போய் விசாரிச்சுட்டா."

உள்ளே டொக்டர் ஓர் இளம் பிள்ளை, தர்ஷனா என்று பேர், யாழ்ப்பாணத்துக்காரி. திருச்செல்வம் கதிரையில் உட்கார்ந்ததும் வழக்கம்போல் "கால் எரியுது" என்றார்.

"காலுக்கு அங்கால கட்டடம் ஐயா," என்றாள் அவள். "இஞ்ச வாறவைக்கு என்ன வருத்தமெண்டு எனக்குத் தெரியும். எவ்வளவு காலமா?"

திருச்செல்வம் அழுதுவிட்டார். மாஸ்க் நனைந்துபோனது.

"இது வெக்கப்படுற விசயமில்லை. சீனி கனகாலம் கூடி இருந்தா ரத்தக்குழாயும் நரம்பும் பழுதாகும். கண்ணில பழுதானா கண்ணைக் காட்டுறீங்கள், இதை மட்டும் ஒளிக்கிறீங்கள். அரைவாசிச் சீனிக்காரருக்காவது இது எப்பவோ ஒருக்கா வாறதுதான்." பிரஷர் பார்த்தாள், ரத்தம் எடுக்க எழுதினாள். "நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை ஏதும் பாவிக்கிறீங்களோ? அதோட நான் தாற குளிசையைச் சேர்த்துப் போட்டா பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து. பஸ் ஸ்டாண்டில விக்கிற லேகியம் ஒண்டையும் வாங்கிச் சாப்பிட்டுடாதேங்கோ. முதல்ல சீனியைக் குறைக்கோணும், நடக்கோணும். சிலருக்கு இதுதான் இருதய வருத்தத்துக்கு முதல் மணி, அதால அதையும் பாப்பம்."

"சுகப்படுமா பிள்ளை?"

"கனபேருக்குச் சுகப்படும். ஆனா ஒண்டு. குளிசை தன்ர பாட்டில எல்லாம் செய்யாது. வீட்டில கதைச்சிருக்கிறீங்களோ?"

"இல்ல."

"அப்ப நான் குடுக்கப்போற மருந்தில முதலாவது அதுதான்."

அதற்கு அவசியமே இருக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்னமே மதலேனா வேலிக்கு மேலால் எட்டிச் சொல்லிவிட்டாள்: "அனுஷியா, ஒங்க சாமி கத்தரிப்பூ மாஸ்க் போட்டுக்கிட்டு இருந்தாராம், என் தங்கச்சி கண்ணால கண்டாளாம். பக்கத்துல இன்னொரு வழுக்கைத் தலையாம். யார்னுதான் தெரியலயாம்." தன் புருஷனின் வழுக்கை அவளுக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

அனுஷியா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திருச்செல்வம் வாசற்படியில் நின்றார். ஒரு பாதி முழுக்கத் துருவி முடியும்வரை அவள் நிமிரவில்லை.

"இதுதானா?" என்றாள்.

"ம்."

"ரெண்டு வருஷமா இதுதானா?"

"ஆமா."

"நான் என்னெல்லாம் நினைச்சேன் தெரியுமா?" துருவலையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். "எனக்கு வயசாச்சு, தொந்தி போட்டுருச்சு, மனுஷருக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கலன்னு நினைச்சேன். கண்ணாடி முன்னால நிக்கிறதையே விட்டுட்டேன். சீனி வந்தது ஒங்களுக்கு. விரதம் எனக்கா?"

திருச்செல்வம் வாசற்படியிலிருந்து குசினிக்குள் வந்தார். "ஒன்னைப் பிடிக்காமப் போகல புள்ள," என்றார். "பிடிச்சதாலதான் பயமா இருந்திச்சு."

அனுஷியா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு, சாமியைத் திட்டக்கூடாது என்பதையும் மறந்து, வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவ்வளவு திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனைக் கட்டுகஸ்தோட்டையில் காண முடியாது.

திருச்செல்வம் டொக்டரிடம் நெஞ்சைக் காட்டி உத்தரவு வாங்கிக்கொண்டு மலையேறினார், முறைப்படி மாலையைக் கழற்றினார், வெள்ளை வேட்டியோடு திரும்பி வந்தார். சோற்றைக் குறைத்தார். விடியற்காலையில் அனுஷியாவும் அவரும் ஆற்றங்கரைப் பாதையில் நடந்தார்கள். குளிசையும் போட்டார். மூன்றாம் மாதம் அனுஷியா கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைக்கிறதைப் பார்த்தார். மேற்கொண்டு விபரம் எதற்கு? திருப்திகரம்.

நல்லது நடந்தால் நம் நாட்டில் ஒரு மதிப்பீட்டுக் குழு வரவேண்டும். வந்தது. தலைமை ஒரு பிரதிப் பணிப்பாளர். டை கட்டி, சீனி போடாத பிளேன்டீ குடித்தபடி கிளினிக்கின் பதிவுகளைக் கேட்டார். பதிவுகள் இல்லை என்று அரூஸ் பெருமையோடு அறிவித்தார்.

"அப்படியானால் நோயாளர்கள்?"

"நிறைய வாறாங்க சேர்."

"பதிவில் இல்லாதவர் எப்படி வந்திருக்க முடியும்?"

அரூஸ் அவருக்கு இன்னொரு பிளேன்டீ ஊற்றினார். குழு யோசித்து அறிக்கை எழுதியது. நோயாளர் எவரும் வரவில்லை. நோயாளர் வராதபடியால் மேற்படி வருத்தம் இம்மாவட்டத்தில் இல்லை. குளிசைகள் எவருக்கும் வழங்கப்படாமலே தீர்ந்திருப்பதால் அவற்றை எலிகள் தின்றிருக்கலாம். ஆஸ்பத்திரி வளவில் அண்மைக் காலமாக எலிகள் பெருகியுள்ளமை இதை உறுதிப்படுத்துகிறது. ஆகவே கிளினிக் மூடப்படல் வேண்டும். ஆட்சேபனை இருந்தால் பாதிக்கப்பட்டோர் நேரில் தோன்றித் தெரிவிக்கலாம்.

அந்தச் செய்தி கேட்டு திருச்செல்வம் இடிந்துபோனார். வெளியில் வாங்கலாம் என்றால், ஃபார்மசியில் நிற்கிற பையன் இவருடைய மகளோடு படித்தவன். அதுமட்டுமா, மாதாமாதம் பிரஷரும் நெஞ்சும் பார்த்துத்தான் குளிசை கொடுக்க வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். திரும்பவும் அந்தத் தனிப் பாயா?

ஆட்சேபனை நாளன்று ஆஸ்பத்திரி மண்டபம் நிரம்பி வழிந்தது. ஆண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மாஸ்க் போட அனுமதியில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, "சும்மா பார்க்கலாம்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டார்கள். சிலர் மனைவிமாரும் வந்திருந்தார்கள். மேடையில் பிரதிப் பணிப்பாளர், பக்கத்தில் அரூஸ், கூட்டக் குறிப்பு எழுத ஆஸ்பத்திரிக் கந்தோரில் வேலை செய்கிற அரூஸின் மனைவி அஸீமா.

"மேற்படி வருத்தத்தால் பாதிக்கப்பட்டோர் எழுந்து நிற்கலாம்," என்றார் பிரதிப் பணிப்பாளர்.

ஒருத்தரும் அசையவில்லை. அந்தோனிமுத்து சப்பாத்து நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். திருச்செல்வம் எழும்பத்தான் பார்த்தார். மனசு எழும்பியது, முழங்கால் எழும்பவில்லை. முன்வரிசையில் அவருடைய கந்தோர்ப் பியூன் இருந்தான்.

"எவருமில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்," என்றார் பிரதிப் பணிப்பாளர்.

அனுஷியா எழுந்து நின்றாள்.

"நான் இருக்கேன்."

"அம்மா, இது ஆண்களுக்கான விடயம்."

"பாதிக்கப்பட்டவங்க எழும்பச் சொன்னீங்கதானே? ரெண்டு வருஷம் நான் பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியுமா? வருத்தம் யாருக்கோ இருக்கட்டும். பாதிக்கப்பட்டது நான். கிளினிக்கை மூடக்கூடாது."

திருச்செல்வம் மேசைக்கடியில் பூந்துவிடலாமா என்று பார்த்தார். மேசை இல்லை. அடுத்த நொடியே மதலேனா எழும்பினாள். "நானும்தான். கிறிஸ்மஸ் வரைக்கும் தவமாம். ஃபாதரே சிரிக்கிறாரு!" அந்தோனிமுத்துவின் நாடா அறுந்தது. பின்வரிசையில் ஒருத்தி எழும்பினாள், பிறகு நாலைந்து பேர், பிறகு கதிரைகள் இழுபடுகிற சத்தம் நிற்கவேயில்லை. கடைசியில் மேடையிலிருந்த அஸீமாவும் பேனையை வைத்துவிட்டு எழும்பினாள்.

"நீங்க எழுதுங்கோ, எழுதுங்கோ," என்றார் அரூஸ் அவசரமாக.

"எழுதத்தான் போற. என்ட பேரையும் சேத்துத்தான் எழுதப்போற," என்றாள் அஸீமா. "இரகசியக் குழுவாம், ராவு பகலா மீட்டிங்காம். வீட்டுக்கு வந்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிற."

பிரதிப் பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து நின்றோரை எண்ணச் சொன்னார். பெண்கள் மண்டபம் நிறைய. ஆண்கள் எவருமில்லை. சட்டம் தெளிவாக இருந்தது. மேற்படி வருத்தம் இம்மாவட்டத்தில் உண்டு, ஆனால் அது பெண்களை மட்டுமே பீடிக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். கிளினிக் மூடப்படாது. பெண்கள் சுகாதாரப் பிரிவோடு இணைக்கப்படும். இம்முறை ஒவ்வொருவருக்கும் பதிவு கட்டாயம், படிவத்தில் ஒரு கூடும் வெறுமையாக விடப்படலாகாது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரிலேயே அட்டை வழங்கப்படும், குளிசையை விழுங்குவதற்கு மட்டும் அவர் தம் கணவரை அனுப்பலாம்.

இப்போது அந்தக் கிளினிக் செவ்வாய்க்கிழமை தோறும் நடக்கிறது. சுவர் நிறையக் குழந்தைப் படம் ஒட்டிய விறாந்தையில், ரோஸ் கலர் அட்டையைப் பிடித்தபடி ஆண்கள் பெஞ்சில் வரிசையாக இருக்கிறார்கள். பெண்களுக்கு மாஸ்க் தேவையில்லை என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். போன செவ்வாய் திருச்செல்வத்துக்குப் பக்கத்தில் ஒருத்தர் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்து வாசித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது. கீழே டை தொங்கியது.

"சேர், நீங்க மதிப்பீட்டுக்கு வந்தீங்களா?" என்று திருச்செல்வம் மரியாதையாகக் கேட்டார்.

"ஆம். மதிப்பீட்டுக்கு," என்றது பேப்பர்.

"திருமதி கமலேஸ்வரி!" என்று நேர்ஸ் கூப்பிட்டாள். ஒருத்தரும் எழும்பவில்லை. "திருமதி கமலேஸ்வரி இல்லியா? இல்லன்னா கார்ட்டை வெட்டிருவேன்!"

பிரதிப் பணிப்பாளர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்தார். "நான்தான்," என்றார்.

நேர்ஸ் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அந்த வாரம்தான் வந்து சேர்ந்த புதுப் படிவத்தைப் பார்த்து, பெண்கள் பிரிவில் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "கடைசியா மாதவிடாய் வந்த திகதி?"

"அது... அதை வெறுமையாக விடலாமே?"

"விட ஏலாது சேர். ஒரு கூடும் வெறுமையா விடக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு."

மேலிடம் கூரையைப் பார்த்தது. பிறகு ஓரமாக ஒதுங்கிப் போனை எடுத்து, "கமலா, ஒரு விடயம் கேட்கவேண்டும், கோபிக்காதே" என்று ஆரம்பித்தது. பெஞ்சிலிருந்த மற்ற ஆண்களும் முந்திக்கொண்டு போனை எடுத்தார்கள். திருச்செல்வமும் எடுத்தார்.

"என்னங்க, டொக்டர் என்னமும் சொன்னாங்களா?" என்றாள் அனுஷியா.

அவர் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, நேர்ஸ் கேட்கப்போகிறதை அப்படியே கேட்டார்.

"அது நின்னு ரெண்டு வருஷமாச்சுங்க," என்றாள் அனுஷியா மெதுவாக. "ராத்திரியெல்லாம் உடம்பு கொதிக்கும். பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு நினைச்சு அழுதிருக்கேன்."

"ஏன் புள்ள என்கிட்ட சொல்லல?"

"வெக்கமா இருந்திச்சு. நீங்களும் கேக்கல."

"அடுத்தது, திருமதி அனுஷியா!" என்று நேர்ஸ் கூப்பிட்டாள். "சீக்கிரம் வாங்க, பின்னால ஆளுங்க இருக்காங்க. கடைசி திகதி என்ன?"

திருச்செல்வம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்து நின்றார். "அது நின்னு ரெண்டு வருஷமாச்சு, அதுக்கு எந்தக் கிளினிக்குக்குப் போகணும்?" என்று கேட்டார்.